இறால் மீனா? பிராணி வர்க்கங்களைப் பற்றிய ஒரு பாடம்



சென்ற ஆண்டு முடிவில் எங்கள் கடையில் சரக்குக் கணக்கெடுத்தோம். கடை சிரம்பானிலிருந்து லாபு போகும் சாலையில், தோட்டத்து ஜனங்கள் சாமான் வாங்க வந்து போகும் இடத்தில் இருக்கிறது. கடைத் தம்பி மூட்டைகளை நகர்த்தி எண்ணிச் சொல்ல, நான் கல்லாவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். நெத்திலி, சுறாக் கருவாடு, திருக்கைக் கருவாடு எல்லாம் முடிந்து, காய்ந்த இறால் சிப்பத்துக்கு வந்தான். "நானா, இதையும் மீன் பக்கத்திலேயே போட்டுக்கிடலாமா?" என்று கேட்டான். "பின்னே எங்கே போடுவே? இறால் மீனு என்றுதானே ஊரே சொல்லுது!" என்றேன்.

அப்பொழுது உப்பு வாங்க வந்து நின்ற ஒரு தோட்டத்துப் பையன், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறவன், மெதுவாகச் சொன்னான்: "பாய், இறாலுக்கு முதுகெலும்பு கிடையாது. அது மீன் இல்லை. பூச்சிக்குத்தான் அது சொந்தம்." கடைத் தம்பி சிரித்துவிட்டான். எனக்கோ சுருக்கென்றது. முப்பது வருஷமாக இறாலை நிறுத்து விற்றிருக்கிறேன். ஒரு நாளாவது அதைப் புரட்டிப் பார்த்து, இதன் சரீரம் எப்படி அமைந்திருக்கிறது என்று நோக்கியதில்லை.

இரவு கடை அடைத்த பிறகு தேநீர் வேளையில் இதைச் சொன்னேன். அங்கே ராவுத்தர் ஒருவரும் மரைக்காயர் ஒருவரும் இருந்தார்கள். இருவரும் இதே கேள்வியை மார்க்கச் சட்டத்தின் பக்கமாக எடுத்துக்கொண்டு விவாதிக்கத் தொடங்கினார்கள். அந்த விவாதத்திற்குக் கடைசியில் வருகிறேன். முதலில், பிராணிகளை எப்படி இனம் பிரிக்கிறார்கள் என்பதைக் கற்றுக்கொள்வோம். அந்தப் பையனுடைய பாடப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்ததும், பிறகு தேடிப் படித்ததும், என் தொழிலில் கண்டதும் சேர்ந்ததே இந்தக் கட்டுரை.

பிராணிகளை வகைப்படுத்தும் ஆசை புதியதன்று. நம் தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரித்தார். புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் சிப்பியும் ஈரறிவு, கறையானும் எறும்பும் மூன்று, நண்டும் தும்பியும் நான்கு, விலங்கு ஐந்து, மனிதன் ஆறு. பஸராவில் 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்ஜாஹிஸ், நடப்பவை, பறப்பவை, நீந்துபவை, ஊர்பவை என்று நான்காகப் பிரித்து, பிராணிகளைப் பற்றிப் பெரிய கிரந்தமே எழுதினார். அவர் இளமையில் ஏழ்மையால் பஸராவின் கால்வாய்க் கரையில் மீன் விற்றவர் என்று சொல்வார்கள். ஆக நம் தொழிற்காரர்தாம். ஆனால் பறப்பதெல்லாம் பறவை ஆகாது என்பதை அவரே கண்டுகொண்டார். ஈயும் தேனீயும் பறக்கின்றன, அவை பறவை அல்ல. தீக்கோழி பறப்பதில்லை, ஆயினும் அது பறவைதான். அவருக்குப் பின், 1405-இல் காலமான மிஸ்ரு தேசத்து அறிஞர் கமாலுத்தீன் தமீரீ, "ஹயாத்துல் ஹயவான்" என்னும் நூலில் பிராணிகளை அரபி எழுத்து வரிசையிலே அடுக்கினார். இவரும் தொடக்கத்தில் தையல் தொழில் செய்தவர். எழுத்து வரிசை தேடி எடுக்கச் சௌகரியமானது. எது எதற்கு உறவு என்பதை மட்டும் அது சொல்லாது.

இப்பொழுது உலகம் முழுவதும் பின்பற்றும் முறைக்கு அஸ்திவாரம் இட்டவர் சுவீடன் தேசத்து லின்னேயஸ். 1758-இல் வெளிவந்த அவருடைய நூலின் 10-ஆம் பதிப்பில்தான் திமிங்கிலம் மீன் வகுப்பிலிருந்து எடுக்கப்பட்டுப் பாலூட்டிகளோடு சேர்க்கப்பட்டது. பெயரையும் பார்க்காதே, வசிக்கும் இடத்தையும் பார்க்காதே, சரீரத்தின் அமைப்பைப் பார் என்பதே இந்த முறையின் சாரம். வியாபாரிக்கு இது விளங்காத விஷயமன்று. சாக்கின் மேல் என்ன முத்திரை குத்தியிருந்தாலும், கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்துத்தானே அரிசி இன்ன ரகம் என்கிறோம்?

முதற்கேள்வி முதுகெலும்பு உண்டா, இல்லையா என்பது. உள்ளவற்றில் ஐந்து பெரிய வகுப்புக்கள்: மீன், தவளை இனம், ஊர்வன, பறவை, பாலூட்டி. நம் கண்ணில் பெரிதாகப் படுகிற பிராணிகளெல்லாம் இந்த ஐந்தில் அடங்கும். ஆனால் உலகத்துப் பிராணி இனங்களில் 100-க்கு 95-க்கும் மேல் முதுகெலும்பு இல்லாதவையே.

மீனின் லட்சணம் செவுள், துடுப்பு, முதுகெலும்பு ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பது. செதில் பெரும்பாலும் உண்டு, ஆனால் கட்டாயமில்லை. கெளுத்திக்குச் செதில் கிடையாது. பாசாரில் தொட்டிக்குள் நெளியும் பெலுட்டைப் பார்த்துப் பாம்பு என்று முகம் சுளிப்போர் உண்டு. அது வயலிலும் சேற்றிலும் வாழும் மீன். காற்றையும் குடிக்கும், ஆனால் செவுள் உண்டு. கடற்குதிரையும் மீனே. இதற்கு எதிராக, சொறிமீனும் நட்சத்திர மீனும் பெயரில் மாத்திரம் மீன். உடலில் ஒரு முள்கூட இல்லை.

தவளை இனத்துக்கு ஈரமான வெற்றுத் தோல். செதிலும் இல்லை, மயிரும் இல்லை. அந்தத் தோலாலேயே பாதி மூச்சு விடும். முட்டைக்கு ஓடு கிடையாது, ஆதலின் தண்ணீரிலோ ஈரத்திலோதான் இட வேண்டும். குஞ்சு செவுளோடு பிறந்து, வளர்ந்ததும் நுரையீரலுக்கு மாறிக்கொள்கிறது. ஊர்வனவற்றுக்கோ உலர்ந்த செதில் தோல்; நுரையீரல்; தரையில் இடக்கூடிய தோலுறை முட்டை. பாம்பு, பல்லி, உடும்பு, ஆமை, முதலை எல்லாம் இதில் சேரும். தவளையும் ஆமையும் இரண்டும் நீரிலும் நிலத்திலும் திரிகின்றன என்பதால் ஒரே கூட்டம் என்று நினைப்பது சகஜம். தோலைத் தொட்டுப் பார்த்தால் வேறு வேறு என்பது தெரிந்துவிடும்.

பறவைக்கு அடையாளம் பறப்பதன்று, இறகு. இறகுள்ள பிராணி இன்று உலகத்தில் பறவையைத் தவிர வேறு இல்லை. பல்லற்ற அலகு, பெரும்பாலும் உள்ளே துளையுள்ள லேசான எலும்பு, வெப்பம் மாறாத ரத்தம் ஆகியவை மற்ற லட்சணங்கள். போர்ட் டிக்சனுக்கு அப்பால் தஞ்சோங் துவான் முனைக்கு மாசி மாதத்து வாக்கில், அதாவது பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச்சு வரை, காலை வேளையில் போய் நின்று பாருங்கள். சுமத்திராவிலிருந்து தேன்பருந்துகள் கூட்டம் கூட்டமாக ஜலசந்தியைக் கடந்து வந்து, கரை ஏறியதும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து வடக்கே செல்லும். அந்த இடத்தில் கடலின் அகலம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இறகு என்னும் சாதனம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அங்கே காணலாம்.

இறகில்லாமல் காற்றில் செல்வனவும் நம் தோட்டங்களிலேயே இருக்கின்றன. மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு ஓணான் திடீரென்று விலாவை விரித்து அடுத்த மரத்துக்கு மிதந்து போவதைப் பால்மரம் வெட்டுகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அது பறக்கும் ஓணான். நீண்ட விலா எலும்புகளுக்கிடையே தோல் போர்த்து இறக்கைபோல் விரிகிறது. தோல் செதில் தோல், ஆகவே ஊர்வன. இரவில் அதேபோல் மிதக்கும் குபோங் என்பது கழுத்திலிருந்து வால்வரை தோல்விரிப்பு உடையது. ஒரே வீச்சில் நூறு மீட்டருக்கு மேலும் செல்லும். உடம்பெல்லாம் மயிர், குட்டிக்குப் பால் கொடுக்கிறது; ஆகவே பாலூட்டி. வௌவாலும் பாலூட்டிதான். மற்றவை மிதக்கின்றன, பாலூட்டிகளில் உண்மையாகச் சிறகடித்துப் பறப்பது வௌவால் ஒன்றே. அதன் இறக்கை, நம் கைவிரல்களைப்போன்ற நீண்ட விரல்களின் நடுவே பிடித்த தோல். டுரியான் வியாபாரம் செய்கிறவர்கள் வௌவாலுக்கு நன்றி சொல்ல வேண்டும். டுரியான் பூ மாலையில் மலர்கிறது. குகைகளில் தங்கும் ஒரு வகை வௌவால் இரவில் தேன் குடிக்க வந்து மகரந்தத்தை மாற்றி வைத்துவிட்டுப் போகிறது.

பாலூட்டிகளுக்கு இரண்டே பெரிய அடையாளம்: மயிர், பால். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் எவ்வளவு வேஷம் போட்டு வந்தாலும் ஏமாற மாட்டோம். நம்மில் அத்தர் விற்கிறவர்களுக்கு அம்பர் தெரியும். அது கடல் நுரை உறைந்தது, கடலடி ஊற்றிலிருந்து கசிந்தது என்றெல்லாம் பழைய காலத்தில் நம்பினார்கள். அது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகும் பொருள். அந்தத் திமிங்கிலம் நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது, மேனியிலே சிற்சில மயிரும் உண்டு. கடலில் வாழ்கிறது என்ற ஒன்றைத் தவிர மீனுக்கும் அதற்கும் உறவில்லை.

ஜெலுபு மலைப்பக்கங்களில் முன்பாதி கறுப்பும் நடுவில் வெள்ளையுமாக ஒரு மிருகம் சில வேளைகளில் சாலைக்கு வந்துவிடும். தாப்பீர் என்பது அதுதான். முகத்தைப் பார்த்துக் காட்டுப்பன்றியின் ஜாதி என்று சொல்வார்கள். காலைப் பார்த்தால் முன்காலில் நான்கு, பின்காலில் மூன்று விரல். உடம்பின் பாரம் நடுவிரலில் இறங்குகிறது. குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் உள்ள அமைப்பு இது. பன்றிக்கோ பாரம் இரண்டு குளம்புகளில் சமமாக இறங்கும். அது மாடு ஆடுகளின் பக்கத்து அமைப்பு. அதை உண்ணலாமா கூடாதா என்பது உலமாக்களைக் கேட்க வேண்டிய மஸ்அலா. உறவு மாத்திரம் இப்படி.

பாலூட்டிகளில் வியாபாரி கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது எறும்புத்தின்னி. நம் ஊர்ப்பக்கம் அலுங்கு என்போம், மலாயில் தெங்கிலிங். உடம்பெல்லாம் ஓடுபோன்ற செதில் இருப்பதால் பல்லி, முதலை இனம் என்று எண்ணத் தோன்றும். அந்தச் செதில் நம் நகமும் மயிரும் எதனால் ஆனவையோ அதே பொருளால் ஆனது. வயிற்றுப்புறத்தில் மயிர் இருக்கிறது. பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போட்டு, அதை வாலின்மேல் ஏற்றிச் சுமந்து, பால் கொடுத்து வளர்க்கிறது. பல் கிடையாது, நீண்ட நாக்கால் எறும்பையும் கறையானையும் நக்கி எடுக்கும். ஆக, மருந்து என்று சொல்லி அதன் செதிலுக்குக் கொடுக்கும் பெருந்தொகை, நகத்துக்குக் கொடுக்கும் தொகைதான். இந்த ஆசையால் அந்த இனம் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சர்வதேச மாநாடு, எறும்புத்தின்னி இனங்கள் எட்டையும் எல்லை தாண்டிய வியாபாரத்திலிருந்து விலக்கிற்று. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது முழுப் பாதுகாப்புப் பெற்ற மிருகம். யாராவது சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, "பல்லி ஜாதிதான் பாய், மலிவாய்த் தருகிறேன்" என்றால் உடனே அனுப்பிவிடுங்கள். வாங்கினால் ஜெயில் வாசல்வரை போக நேரும்.

இனி முதுகெலும்பு இல்லாதவற்றுக்கு வருவோம். நம் கடைச் சரக்கில் பாதி இங்கேதான் இருக்கிறது.

இவற்றில் மிகப் பெரிய கூட்டம் கணுக்காலிகள். உடம்பு துண்டு துண்டாக இணைந்து, கால்கள் கணு கணுவாக மடங்கி, எலும்புக்குப் பதிலாக வெளியே கவசம் உடையவை. எலும்பு உள்ளே இருந்தால் சதையோடு வளரும். கவசம் வெளியே இருந்தால் வளராது. ஆகவே இடம் போதாதபோது சட்டையைக் கழற்றுவதுபோல் பழைய கவசத்தை உரித்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ள வேண்டும். சில நண்டுகள் பாசாரில் மெத்தென்று ஓடு இல்லாததுபோல் கிடைப்பது அந்தச் சட்டை மாற்றும் வேளையில் பிடிபட்டதால்தான்.

கணுக்காலிகளைப் பிரிப்பதற்குக் கால்களை எண்ணினால் போதும். ஆறு கால், மூன்று பாகமான உடல், ஒரு ஜோடி மீசை இருந்தால் பூச்சி. எட்டுக் கால், மீசை இல்லையென்றால் சிலந்தி, தேள், உண்ணி. நடப்பதற்குப் பத்துக் கால், இரண்டு ஜோடி மீசை என்றால் இறால், நண்டு. துண்டுக்கு ஒரு ஜோடிக் கால் பூரானுக்கு. இரண்டு ஜோடி மரவட்டைக்கு. முன்னது கடிக்கும், பின்னது சுருண்டுகொள்ளும். மேற்குக் கரையில் வலையில் சிக்கும் பெலாங்காஸை லாட நண்டு என்கிறோம். மீசை கிடையாது, ஆதலால் அது நண்டுக்கு அல்ல, சிலந்திக்கே கிட்டின உறவு. அதன் ரத்தம் நீலம். ஊசி மருந்தில் கிருமி நஞ்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க அந்த ரத்தம் பயன்பட்டு வருகிறது.

பூச்சிகளில் மாத்திரம் இதுவரை சுமார் பத்து லட்சம் இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் நம்மோடு தினமும் வியாபாரம் செய்கிற இரண்டைப் பார்ப்போம். அரிசி மூட்டையில் காணும் கறுத்த சிறு வண்டுக்கு முன்னே யானைத் தும்பிக்கைபோல் நீண்ட மூக்கு இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். பெண் வண்டு அந்த மூக்கால் அரிசி மணியைக் குடைந்து, குழியில் ஒரு முட்டை இட்டு, பசைபோன்ற பொருளால் வாயை அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே தின்று, உள்ளேயே உருமாறி, நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளிவருகிறது. ஆதலின் வாங்கும்போது மூட்டை சுத்தமாய்த்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்து வாடிக்கைக்காரர் வந்து முகத்தில் காட்டுவார்.

மற்றது செம்பழுப்பு நிறமான மாவு வண்டு. இதற்கு மூக்கு கிடையாது. முழு மணியைத் துளைக்க இதற்கு வலுவில்லை. மாவு, நொய், ரவை, தூசு இவற்றில்தான் பெருகும். இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு சௌகரியம் ஏற்பட்டது. மூக்குள்ள வண்டு வந்தால் மணிக்குள்ளேயே முட்டை இருந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சரக்கைத் தனியாக ஒதுக்கி, எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மூக்கில்லாத வண்டு வந்தால் குற்றம் பெரும்பாலும் நம் கிடங்கில். அலமாரி இடுக்கில் சிந்திய மாவைக் கூட்டித் துடைக்க வேண்டும். பல வருஷங்களாக நான் இரண்டையும் "வண்டு" என்று ஒரே கணக்கில் எழுதி, எல்லாப் பழியையும் சரக்கு அனுப்பியவர்மேல் போட்டுக்கொண்டிருந்தேன். மாவில் தூசே நகர்வதுபோல் தோன்றினால் அது வண்டுமன்று. எட்டுக் கால் சிற்றுண்ணி. ஈரம் ஏறிய மாவு என்பதற்கு அது சாட்சி.

இந்த மூக்கு வண்டுக் குடும்பத்திலேயே நமக்குப் பேருபகாரம் செய்த ஒன்றும் இருக்கிறது. நெகிரி செம்பிலானில் கித்தா மரங்கள் நின்ற நிலங்கள் பல பிற்காலத்தில் செம்பனைக்கு மாறின அல்லவா? செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிக் குலை. காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். ஆனால் இங்கே காய் சரியாகப் பிடிக்காததால், தோட்டங்களில் ஆட்களை வைத்துப் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தத்தைத் தூவ வேண்டியிருந்தது. பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் ஸையித், செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவின் கமரூன் நாட்டுக்குச் சென்று ஆராய்ந்து, அங்கே அந்த வேலையைச் செய்வது ஒரு சிறு மூக்கு வண்டு என்று கண்டுபிடித்தார். அது ஆண் பூவில் முட்டையிட்டு வளர்கிறது. பெண் பூவின் வாசனையும் அதை இழுப்பதால் உடம்பில் ஒட்டிய மகரந்தத்தோடு அங்கேயும் போகிறது. வேறு பயிரைத் தின்னாது என்று சோதித்து நிச்சயப்படுத்திக்கொண்டு, 1981-இல் அதை ஜொகூரில் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு அது தீபகற்பம் முழுவதும் பரவிற்று. கையால் தூவும் வேலையே ஒழிந்தது. அரிசி வண்டுக்குச் சொந்தக்காரன் என்ற காரணத்தால் எல்லா மூக்கு வண்டையும் மருந்தடித்துக் கொல்லப் புறப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அடுத்து மெல்லுடலிகள். எலும்பில்லாத மெல்லிய உடல், அதைப் போர்த்த ஒரு சதைப்போர்வை, அந்தப் போர்வை சுரந்து உண்டாக்கும் சுண்ண ஓடு: இவை இதன் லட்சணம். நத்தை, சிப்பி, கெராங் எல்லாம் இதுவே. காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் பேர் வாங்கிய முத்து, சிப்பியின் சதைப்போர்வை சுரந்ததுதான். சோத்தோங் என்னும் கணவாயும் இதே கூட்டம் என்றால் நம்புவதற்குச் சிரமமாக இருக்கும். ஓடு எங்கே? உள்ளே இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் "கடல் நுரை" என்று வெள்ளையாக, லேசாக ஒரு சரக்கு விற்கிறோமே, அது நுரையன்று, கணவாயின் உள்ளோடு. கூண்டுப் பறவை கொத்துவதற்கும் அதையே தொங்கவிடுகிறார்கள். கணவாய்க்கு இதயம் மூன்று. ரத்தம் செம்பு கலந்து நீலமாய் இருக்கும். கெராங்குக்கோ நம்மைப்போல் சிவந்த ரத்தம்.

புழுக்களில் பல பிரிவு உண்டு. தட்டைப்புழு, உருளைப்புழு இரண்டையும் வைத்தியரிடம் விட்டுவிடுவோம். வளைய வளையமாக உடல் அமைந்தவற்றில் மண்புழுவும், மழைக்காலத்தில் தோட்டத்தில் காலைப் பிடிக்கும் அட்டையும் சேரும். அட்டைக்கு முன்னும் பின்னும் உறிஞ்சும் வாய்போன்ற பிடிப்பு இருக்கிறது. மற்றபடி அது மண்புழுவின் உறவினரே.

அட்டை என்றதும் இன்னொரு அட்டை நினைவுக்கு வருகிறது. ராமநாதபுரம் கரையில் கடல் அட்டையைப் பிடித்து, அவித்து, உலர்த்திச் சீன தேசத்துக்கு அனுப்பும் வியாபாரம் தலைமுறை தலைமுறையாக நடந்தது. இங்கே லங்காவிப் பக்கத்துக் காமாட் எண்ணெய் அதே இனத்துச் சரக்கு. அதன் உடலில் வளையங்கள் இல்லை. ஐந்து பட்டையாக உடல் அமைந்து, நீர் நிரம்பிய நுண்ணிய குழாய்க்கால்களால் நகர்கிறது. தோலுக்குள் சுண்ணத் துணுக்குகள் இருக்கின்றன. ஐந்து கை நட்சத்திர மீனின் அமைப்பும் இதுவே. ஆகவே இது நட்சத்திர மீனுக்குத் தம்பி, ரத்த அட்டைக்கு யாருமல்ல. அளவில்லாமல் பிடித்ததால் குறைந்துபோய், 2001-இல் இந்திய அரசு கடல் அட்டை இனம் முழுவதையும் பிடிக்கவும் விற்கவும் தடை செய்தது. ஊருக்குப் போய் வருகிறவர்கள் சாமானோடு கொண்டுவர எண்ண வேண்டாம்.

சொறிமீனும் பவளமும் இன்னும் எளிய அமைப்பு உடையவை. பை போன்ற உடல், ஒரே வாய், சுற்றிலும் கொட்டும் நார்கள். கடற்பஞ்சுக்கு அந்த வாயும் இல்லை. துளைகள் வழியே நீர் சென்று வர, அதிலுள்ளதை வடிகட்டி உண்கிறது.

இப்பொழுது இறாலுக்குத் திரும்புவோம். பையன் சொன்னது சரி. அதற்கு முதுகெலும்பு இல்லை. மேலே கவசம், கீழே பத்துக் கால், இரண்டு ஜோடி மீசை. செவுள் உண்டு என்பது மெய்தான், ஆனால் மீனின் செவுளோடு அதற்கு உறவில்லை. கவசத்துக்கு உள்ளே கால்களின் அடியோடு சேர்ந்திருக்கிறது. பச்சை இறால் சட்டியில் போட்டதும் சிவப்பது ஏன் என்று கேட்டால், அந்தக் கவசத்திலேயே ஒரு செந்நிறப் பொருள் புரதத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. சூட்டில் கட்டு அவிழ்ந்ததும் நிறம் வெளிப்படுகிறது.

அன்றிரவு ராவுத்தர் கேட்டது இதுதான்: "எங்கள் ஹனபி மத்ஹபில் நீர்வாழ் பிராணிகளில் மீன் மட்டுமே ஆகும். பையன் சொல்லுகிறபடி இறால் மீன் இல்லையென்றால் நாங்கள் இவ்வளவு நாள் சாப்பிட்டது என்ன?" மரைக்காயர் சிரித்துக்கொண்டு, "எங்கள் ஷாபி மத்ஹபில் கடலில் வாழ்பவைக்கு இடம் தாராளம், காக்கா. நீங்கள் எங்கள் பக்கம் வந்துவிடுங்கள்!" என்றார். ராவுத்தருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. முகம் வாடிவிட்டது.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பின் ஆலிம் சாகிப் ஒருவரிடம் இருவரும் சென்றோம். அவர் விளக்கியது, என் மனத்திலிருந்த குழப்பத்தையும் தீர்த்தது. ஹனபி உலமாக்களிடையே இறாலைப் பற்றிக் கருத்து வேற்றுமை நெடுங்காலமாக உண்டு. ஆகும் என்போர், அரபிகளின் பேச்சு வழக்கில் இறாலுக்கு மீன் என்றே பேர், அகராதிக்காரர்களும் தமீரீயும் அதை மீன் இனமாகவே எழுதினார்கள், சட்டம் மக்கள் வழக்குச் சொல்லின்மீதே நிற்கிறது என்கிறார்கள். விலகுவோர் அதன் அமைப்பை எடுத்துக் காட்டி, இது மீனல்ல என்கிறார்கள். அரபியில் ஹூத் என்றால் பெருமீனும் ஆகும், திமிங்கிலமும் ஆகும் என்பதையும் அவர் நினைவூட்டினார். ராவுத்தர் எந்தப் பக்கம் நடப்பது என்பதை அவருக்கும் ஆலிம் சாகிபுக்கும் இடையே விட்டுவிட்டேன். எனக்குப் புலப்பட்டது இவ்வளவே: பிராணி சாஸ்திரக்காரர் சரீரத்தைக் கேட்கிறார், சட்டம் சில இடங்களில் நாவின் வழக்கைக் கேட்கிறது. இரண்டு பேரும் "மீன்" என்ற ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு இரண்டு வேறு கேள்விக்குப் பதில் சொல்லுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பினால்தான் மனிதன் இரவில் சாப்பாட்டின் முன்னே முகம் வாடி உட்கார நேர்கிறது.

மறுவாரம் அந்தப் பையன் தேங்காய் வாங்க வந்தான். சரக்குப் புத்தகத்தை அவனிடமே கொடுத்து, எப்படி எழுதலாம் என்று கேட்டேன். கருவாடு என்று மேலே ஒரு தலைப்பு, ஓட்டுச் சரக்கு என்று கீழே ஒரு தலைப்பு போட்டு, இரண்டாவதில் இறால், கெராங் எழுதினான். சோத்தோங்கில் வந்து பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றான். "பாய், இதுக்கு ஓடு உள்ளே இருக்கே, எங்கே போடறது?" என்றான். கடைத் தம்பி இன்னும் அந்த வரியைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறான்.